நீலப் பெட்டி போன வழி

அகோயா உட்கார்ந்து சாப்பிட்டு எங்கள் தீவில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு கையில் சுட்ட மீன், மறு கையில் சைக்கிளின் கைப்பிடி, இதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு. அவள் பிறந்தபோது தொப்புள்கொடியை அறுப்பதற்குள் குழந்தை கடற்கரைக்குப் போய்விட்டதாக அவளுடைய அத்தைமார் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. பாதி வழிதான் போயிருப்பாள். ஆனால் அவள் சைக்கிளில் கடந்துபோய்ச் சற்று நேரம் கழித்து அவளுடைய நிழல் தனியாக வந்ததை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சாட்சி கூட உண்டு.

காரணமில்லாமல் யாருடைய காலும் இப்படி ஓடாது. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது கொப்பரை ஏற்ற வந்த கப்பலிலிருந்து தட்டம்மையும் இறங்கியது. எங்களிடம் இறந்தவரைப் பாயில் சுற்றித்தான் மண்ணில் வைப்பது. அந்த மாதம் எங்கள் அபாமோவாத் தீவில் பதினாறு சின்னப் பாய்கள் நெய்தார்கள். அதில் ஒன்றை அகோயாவின் அம்மா நெய்தாள், அகோயாவின் தம்பிக்கு. தாழையோலையைக் கிழித்துக் கிழித்து அம்மாவின் கையில் கொடுத்தவள் அகோயா. பாய் முடிந்ததும் எழுந்தவள்தான். அப்புறம் எந்தப் பாயிலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வயதில் தராவாவுக்குப் போய், மீன்கம்பெனியின் ஐஸ் கிடங்கில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். எந்த ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். புருஷன் கியாரோஸ் ஜெர்மன்காரர்களின் கப்பலில் உலகம் சுற்றினான். அவன் சுற்றிய தூரத்தையும் இவள் கிடங்கைச் சுற்றி நடந்த தூரத்தையும் அளந்தால் இவள்தான் ஜெயிப்பாள். ஊர் திரும்பியவளை எங்கள் நர்ஸ் எரிதபேதா பிடித்துக்கொண்டார். தடுப்பூசி மருந்துக்கு வெயில் ஆகாது, ஐஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று உதவியாளராக வைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கூட்டு பிறந்தது. எங்கள் கடலில் சூரை பிடிக்கும் அதே கம்பெனி ஒரு டாலர் போட்டால், குழந்தைகளின் ஊசிக்கென்றே இருக்கும் வெளிநாட்டு நிதியொன்று அதற்கு இணையாக இன்னொரு டாலர் போடுமாம். அரசாங்கம் நர்ஸைப் போடும். பிள்ளைகள் அழுகையைப் போடுவார்கள். இப்படி நாலு தரப்பும் சேர்ந்ததில் எங்கள் மருத்துவமனைக்கு வெயிலில் ஓடும் ஒரு குளிர்பெட்டி, ஒரு படகு, தூர ஊர்களுக்கு மருந்து கொண்டுபோக ஒரு நீலப் பெட்டி, மூன்றும் வந்து சேர்ந்தன. நீலப் பெட்டியின் மூடியில் கம்பெனியின் முத்திரை: வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு சூரை மீன். தன்னைப் பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற மீனை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை.

பெட்டி வந்து ஒரு மாதம் ஆகவில்லை. ஒரு நாள் பிரிபோ மாமா வந்தார். அகோயாவின் தாயோடு பிறந்தவர். வந்தார், தென்னம்பாகு கரைத்த தண்ணீர் குடித்தார், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று பேசினார், பிறகு தொண்டையைச் செருமினார்.

"மகளே, ஒரு புபுசி."

உறவுக்காரர் இந்தச் சொல்லைச் சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் எங்களிடம் இல்லை என்பதற்கு நாக்கு கிடையாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டாலோ, கேட்ட நாக்கை அறுத்துத்தான் போட வேண்டும்.

"பேத்திக்கு முதல் பொறந்தநாள் வருது. மீன் கெடாம இருக்கணும். அந்த நீலப் பெட்டி."

கொடுத்துவிட்டாள். அடுத்த ஊசி மருந்து வர இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தாள். நர்ஸிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுடைய நடை இன்னும் வேகமாயிற்று.

மருந்து மூன்றாவது வாரமே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் மருந்தோடு ஒரு சேதியும் ஒரு ஆளும் வந்து இறங்கினார்கள். சேதி: தராவாவில் தட்டம்மை. ஆள்: மீன்கம்பெனி அனுப்பிய ஃபென்விக், பிரிஸ்பேன்காரர், கழுத்தில் கேமரா, மூக்கில் வெள்ளைக் களிம்பு. கம்பெனியின் பெட்டி கடல் தாண்டிப் பிள்ளைகளிடம் போவதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை விமானத்தில் திரும்ப வேண்டும் அவருக்கு.

நர்ஸ் எரிதபேதா மருந்தைக் குளிர்பெட்டிக்குள் அடுக்கிவிட்டு விரலை மடக்கினார்.

"பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க நடந்தே வந்துரும். பிரச்சனை ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நபேனாதான். அங்க முப்பத்தொரு பிள்ளைங்க. வர்ற ஞாயிறு போக அடுத்த ஞாயிறு, பாட்டுப் போட்டிக்கு தராவாக் கப்பல் நேரா நபேனாவுக்குத்தான் வருது. ஊசி போட்டு உடம்புல பிடிக்கப் பத்து நாளாவது வேணும். வியாழக்கிழமைக்குள்ள போட்டா உண்டு. நாளைக்குக் காலைல தண்ணி ஏறும்போது கிளம்பறோம். பெட்டிய எடுத்துக் கழுவி வை."

"சரிக்கா" என்றாள் அகோயா.

"என்னடி, சரிக்கான்னுட்டு நிக்கிற? நீ நிக்கிற ஆளே இல்லையே!"

அதற்குள் அகோயா சைக்கிளில் ஏறியிருந்தாள்.

பிரிபோ மாமா நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவள் இறங்கவில்லை; ஒரு காலை ஊன்றியபடியே கேட்டாள்.

"மாமா, பேத்தி பொறந்தநாள் நல்லா நடந்துச்சா?"

"பிரமாதம்! மீனு அப்படியே துடிச்சுது."

"பெட்டி?"

"அதுவா, அத மேரே கேட்டா. என் சம்பந்திக்குத் தங்கச்சி. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அது பிள்ளைங்க மருந்துப் பெட்டி மாமா!"

"அடியே, நீ குடுத்ததத்தான் நான் குடுத்தேன். நீ குடுக்கலன்னா நான் குடுத்திருப்பேனா? தப்ப ஆரம்பிச்சது யாரு?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன், என்ன ஆச்சு?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. நிழல் மட்டும்தான் இருந்தது.

மேரே கடை வைத்திருப்பவள். அந்தப் பெட்டியில் ஐஸ் குச்சி போட்டு விற்றாளாம், ஒரு வாரம். "நாலு நாள் முன்னாடி உபதேசியார் வந்தாரு. புபுசின்னாரு. சாமி மனுசன், நான் என்னடி செய்ய? நீயாவது கொஞ்சம் உக்காரு, மூச்சு வாங்குது பாரு உனக்கு." உபதேசியாரின் வீடு தீவின் தென்கோடியில். அங்கே போவதற்குள் சைக்கிளின் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. மூன்றாம் தடவை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். சைக்கிளைத்தான் சொல்கிறேன்.

உபதேசியார் கையை விரித்துக் கடலைக் காட்டினார்.

"நபேனாவுல பெரியவர் தோவாகாய் கேட்டு அனுப்பினாரு. முந்தாநேத்துத் தோணில ஏத்தி விட்டேன்."

அகோயா மணலில் நின்று, தீவைப் பிளக்கும் கடலோடைக்கு அப்பால் தெரிந்த நபேனாவைப் பார்த்தாள். மருந்து போக வேண்டிய ஊருக்கு மருந்தை விட்டுவிட்டுப் பெட்டி மட்டும் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

மாலையில் எல்லாவற்றையும் நர்ஸிடம் சொன்னாள். எரிதபேதா திட்டவில்லை. அதுதான் பயமாயிருந்தது. மூடி விரிசல் விட்ட பழைய சின்னப் பெட்டியை எடுத்து, ஐஸை வைத்து, வெப்பமானியை உள்ளே போட்டு மூடினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல கொண்டுபோனா மருந்து வெறும் தண்ணி. ஊசி குத்தின வலி மட்டும்தான் பிள்ளைக்கு மிச்சம். நாளைக்கு நீ போய்ப் பெட்டியக் கொண்டா. சாயங்காலத் தண்ணிக்குத் திரும்பிடு. வியாழக்கிழமை மருந்தோட போவோம்."

"கொடுத்தத எப்படிக்கா கேக்கறது?"

"எனக்குத் தெரியாது. உங்க தீவு, உங்க நாக்கு. நான் வடக்கேருந்து வந்தவ."

புதன்கிழமை காலை படகில் ஃபென்விக்கும் ஏறிக்கொண்டார். பெட்டி எங்கே என்று கேட்டார். "முன்னாடியே போயிடுச்சு" என்றாள் அகோயா. பொய் இல்லையே. அவர் மகிழ்ந்துபோய்க் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

நபேனாவின் சபைக்கூரை எங்கள் தீவிலேயே பெரியது. அதை மனேபா என்போம். அதன் நிழலில் ஒரு திமிங்கிலம் குடும்பத்தோடு படுத்துத் தூங்கலாம். ஒரு தடவை தூங்கியும் இருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு வம்சத்துக்கும் அதில் ஒரு தூணடி இடம். விருந்தாளி வந்தால் பேச்சுக்கு முன் கழுத்தில் பவுடர் கொட்டி, அக்குளில் வாசனைத் தண்ணீர் அடிப்பது வழக்கம். ஃபென்விக் தும்மித் தும்மிக் கண் சிவந்து உட்கார்ந்தார். அகோயா முழங்காலில் நின்றாள். பாயில் அவள் உட்கார மாட்டாள் என்பது நபேனாவுக்கும் தெரியும்.

நடுத் தூணடியில் பெட்டி இருந்தது. அதைச் சுற்றிப் பூமாலை. சிரிக்கும் மீனுக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கியிருந்தார்கள்.

பெரியவர் தோவாகாய்க்கு எண்பது வயது. பெருமையோடு அதைத் தட்டினார்.

"பார்த்தியா? வர்ற பாட்டுக் கோஷ்டிக்கு எங்க ஊர் பரிசு இது. வானொலில சேதி போயாச்சு. தராவாக்காரங்க வாயப் பிளக்கப்போறாங்க."

ஃபென்விக் பெட்டியைக் கண்டதும் எழுந்தார். சபையில் பெரியவர் உட்கார்ந்திருக்கையில் நெட்டுக்குத்தாக எழுந்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள்.

"அது நம்ம பெட்டியாச்சே! எடுத்துக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?" என்றார் ஆங்கிலத்தில்.

அகோயா அவருடைய கால்சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "மிஸ்டர் ஃபென்விக், தயவுசெஞ்சு வாய மூடிக்கிட்டு சிரிங்க. உங்க மீன் மாதிரி."

"என்ன சொல்றாரு?" என்றார் பெரியவர்.

"பெட்டி உங்க ஊர்ல அழகா இருக்குங்கறாரு."

பெரியவர் தலையசைத்தார். அகோயாவுக்குள் எல்லாம் ஓடிற்று. பெட்டியைக் கேட்டால் ஊரே வெட்கிப்போகும். வானொலியில் போன வாக்கு. பெட்டி இல்லாமல் மருந்து வராது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தூணடியில் ஒரு குழந்தை பெட்டியின் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது, ஒன்றரை வயதிருக்கும். அவளுடைய தம்பிக்கும் அதே வயதுதான் அப்போது. பக்கத்தில் அதன் தாய் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். தாழையோலை கிழியும் சத்தம் அகோயாவின் பல்லைக் கூசச் செய்தது.

அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள்.

"தாத்தா, எனக்கு ஒரு புபுசி."

எல்லோருடைய கண்ணும் பெட்டிக்குப் போயிற்று. பெரியவரின் முகம் கறுத்தது. அவருடைய அம்மாவும் அகோயாவின் பாட்டியின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

"கேளு" என்றார்.

"பெட்டி வேணாம். அது உங்களோடது. இந்த மனேபாவுல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களையும் எனக்குக் குடுங்க. முப்பத்தொண்ணும். நாளைக்குக் காலைத் தண்ணில, தோணில ஏத்தி, எங்க ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டாந்து குடுக்கணும்."

கூச்சலில் கூரை பறந்தது.

"பெத்தது நாங்க, கேக்கறது நீயா?" என்றாள் ஒருத்தி.

"பெட்டியவே கேட்டுட்டுப் போடி, அதுவாவது சும்மா கிடக்கும்!" என்றாள் இன்னொருத்தி.

"என்னோட நாலையும் இப்பவே எடுத்துக்க. ஒரு புபுசி, திருப்பி மட்டும் குடுத்துராத!" இது பாய் பின்னிய தாய், தெவோகி. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. "மகளே, குடுத்தா திருப்பிக் கேக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் தாத்தா. ஊசி போட்டு முடிஞ்சதும் அம்மாமாருங்க என்கிட்ட புபுசி கேக்கட்டும். நான் இல்லன்னு சொல்லவா போறேன்?"

பெரியவர் தெவோகி பின்னிக்கொண்டிருந்த பாயைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பதினாறு பாய்கள் தெரியும். அதில் இரண்டை அவர் வீட்டில் நெய்தார்கள்.

"காத்து எப்படி?" என்று பக்கத்தில் கேட்டார்.

"கெழக்க மாறுது. நாளைக்கு ஓடை கொஞ்சம் கொந்தளிக்கும்."

"ம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்பதற்கு நாக்கு இல்லை, சரி. ஆனால் காற்றைக் காட்டித் தட்டிக்கழிக்க எங்கள் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அகோயா மருத்துவமனைக்கும் கரைக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தாள் என்று கேட்காதீர்கள். அங்கே மணல் தேய்ந்து அடியிலிருந்து நல்ல தண்ணீர் ஊறியது. இன்றைக்கும் அது கிணறாக இருக்கிறது. கிழக்குக் காற்று ஓடையில் வெள்ளைப் பல்லைக் காட்டியது. தண்ணீர் ஏறி முடிந்தது. தோணி ஒன்றும் இல்லை.

"அவங்க வர மாட்டாங்களா?" என்றார் ஃபென்விக்.

"தெரியல."

"படகுல போய்ப் பார்க்கலாமா?"

"போனா கேட்டதத் திருப்பிக் கேட்ட மாதிரி ஆயிடும். நிக்கத்தான் வேணும்." நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. நர்ஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே போனார். மறுபடி வந்தார். அகோயா முழங்கால் தண்ணீரில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்திருந்தாள். அலைக்கு மேலே ஏதோ ஒன்று, பறவையா, தெரியவில்லை. பிறகு இரண்டு. பிறகு பாய்மரம் பாய்மரமாக ஓடையின் வாய் முழுக்க நிறைந்தது.

பதினோரு தோணிகள். பிள்ளைகளை எண்ணினாள். இருபத்தேழு. மறுபடி எண்ணினாள். இருபத்தேழு.

"நாலு குறையுதே! தெவோகி எங்க? தெவோகி!"

"தாத்தாவோட வர்றா. கனமான தோணி அது" என்று யாரோ கத்தினார்கள்.

கடைசித் தோணி நீர் விளிம்பு வரை அமிழ்ந்து வந்தது. முன்னால் தெவோகியின் நாலு பிள்ளைகள், நடுவில் பெரியவர் தோவாகாய், அவருடைய மடியருகே நீலப் பெட்டி.

"வெறுங்கையோடயா குடுக்கறது?" என்றார் கரையிறங்கியதும். மூடியைத் திறந்தார். உள்ளே முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் பகல் சாப்பாடு: அவித்த சேம்புக்கிழங்கு, சுட்ட பறவைக்கோலா மீன், தேங்காய்ப்பால் விட்ட தாழம்பழக் களி. "இதைக் கட்ட எங்க பொம்பளைங்களுக்கு விடிஞ்சுபோச்சு. அதான் லேட்டு. பெட்டி மட்டும் சாயங்காலம் திரும்பி வந்துரணும், பாட்டுக்காரங்களோடது."

ஃபென்விக் பாய்ந்து படம் எடுத்தார். பெட்டி, சிரிக்கும் மீன், சுற்றிலும் பிள்ளைகள். அந்தப் படம் பிறகு கம்பெனியின் பெரிய பத்திரிகையில் அட்டையில் வந்தது, கடைக்கோடி வரை குளிர் மாறாமல் செல்லும் நம் பெட்டி என்ற வரியோடு. உள்ளே சூடாக மீன் இருந்ததை யாரும் அவர்களுக்கு எழுதவில்லை.

எரிதபேதா குளிர்பெட்டியிலிருந்து குப்பிகளை எடுக்க எடுக்க, அகோயா கைகளைப் பிடித்துக்கொடுத்தாள். முப்பத்தொரு கை. அழுகை தராவா வரைக்கும் கேட்டிருக்கும். முடிந்ததும் அம்மாமார் வரிசையாக வந்து முகத்தை நீட்டிவைத்துக்கொண்டு, "அகோயா, ஒரு புபுசி" என்றார்கள். அவளும் ஒவ்வொருத்தியிடமும் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுக் கொடுத்தாள். தெவோகி மட்டும் வரவில்லை. தோணியடியில் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாலு பிள்ளைகளும் அகோயாவின் பாவாடையில் தொங்கின.

"ஏய் தெவோகி! கேளுடி!"

"ஞாயித்துக்கிழம கேக்கறேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

கப்பல் சொன்ன ஞாயிறன்று வந்தது. பாடகர்களில் இரண்டு பேருக்குக் காதுக்குப் பின்னால் தட்டம்மையின் சிவப்பு இருந்தது. அடுத்த மூன்று வாரமும் அகோயா தினமும் ஓடையைத் தாண்டிப் போய்ப் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாலாவது வாரம் தொடவில்லை. நபேனாவில் அந்த மாதம் நெய்த பாயெல்லாம் பெரியவர்கள் படுக்கிற அளவுதான்.

ஃபென்விக்கின் கதை பாக்கி. வெள்ளிக்கிழமை விமானம் ஏறப்போனவரிடம், ஊர் முழுக்க நிற்கும்போது, அகோயா தொண்டையைச் செருமினாள்.

"மிஸ்டர் ஃபென்விக், ஒரு புபுசி. இன்னும் ரெண்டு பெட்டி."

"மேலிடத்துல கேட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார் அவர்.

யாரோ செத்ததுபோல் ஊர் அமைதியாயிற்று. விமானி எங்கள் பையன். கீழே இறங்கி வந்து அவருடைய காதில் ஏதோ சொன்னான். ஃபென்விக் சுற்றிலும் முகங்களைப் பார்த்தார், "சரி, தர்றேன்" என்றார். உறவாகிவிட்டார் மனிதர். ஒரு மாதத்தில் பெட்டிகள் வந்தன. ஒன்று கரும்பச்சை, ஒன்று நீலம்.

வந்த மறுநாள் காலையில் பிரிபோ மாமாவும் வந்தார். தென்னம்பாகுத் தண்ணீர் குடித்தார். காற்றைப் பற்றிப் பேசினார். தொண்டையைச் செருமிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

அகோயா ஒரு பெட்டியின் மேல் இன்னொன்றை அடுக்கி, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். காலை மடக்கி, கையைக் கோர்த்து, உட்கார்ந்தே இருந்தாள்.

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது.

"என்னடி ஆச்சு உனக்கு? உக்காந்திருக்கியே! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா. நீங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். எவ்வளவு யோசித்தும் அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.